விபுலாநந்த அடிகளார்: ஏடும் தொண்டும்

திருநூல்களை ஓதி உணர்தல் பெரிதா, தன் கடமையைச் செய்து இறைவனை நெஞ்சார வழிபடுதல் பெரிதா என்னும் வினா நம்மவர்க்குப் புதியதன்று. கண்ணப்பர் எந்த ஏட்டைக் கற்றார் என்று ஒரு சாரார் கேட்பர். மெய்கண்டாரும் அருணந்தியாரும் உமாபதியாரும் நூல் செய்திராவிடின் சைவசித்தாந்தம் இன்று எங்கே நிற்கும் என்று மற்றொரு சாரார் கேட்பர். சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படிகளைச் சொல்லி, எல்லாம் ஒரே ஏணியின் படிகளே என அமைதி கூறுவாரும் உளர். ஆயினும் ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவனை மேற்படியில் நிற்பவன் தாழ்வாகப் பார்க்கும் வழக்கம் அவ்வமைதியினால் ஒழிந்ததாகத் தெரியவில்லை.

இவ்வழக்கிலே நான் நடுவன் அல்லேன். பகலிலே பள்ளியாசிரியனாகவும், மாலையிலே கீழைத்தேய மொழிக் கல்லூரியில் பண்டித வகுப்பு ஆசிரியனாகவும் இருப்பவன். ஏட்டினாலே உண்டு உடுத்து வாழ்பவன். ஆதலின் கல்விக் கட்சிக்கே உரியவன். சில காலத்துக்கு முன் என் வகுப்பு மாணாக்கன் ஒருவன், சிவஞானபோதச் சூத்திரங்களுக்குப் பொருள் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஐயா, ஓர் ஐயம் என்று எழுந்தான். அவன் தந்தையார் திருக்கோணமலைக் குடாவிலே மீன்பிடித் தொழில் செய்பவர். விடியுமுன் கோணேசர் மலையை நோக்கிக் கைகூப்பாமல் தோணியில் கால் வையார். பிடித்த மீனை விற்ற காசிலே நோயுற்ற அயலவருக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பார். சூத்திரம் பன்னிரண்டில் ஒன்றையேனும் அறியார். பன்னிரண்டையும் பாடமாக்கிய தான் தந்தையாரினும் எவ்வகையில் உயர்ந்தவன் என்பதே அவன் வினா. வகுப்பிலே சிரித்தவர் ஒருவருமிலர். அவ்வினாவுக்குச் சூத்திரத்திலிருந்து விடை கூறுவதிலும் ஒருவர் வாழ்விலிருந்து விடை கூறுவதே தக்கது எனக் கொண்டு, இந்நகரத்துக் கல்விக்கு உழைத்த ஒரு துறவியின் வரலாற்றை அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவரே விபுலாநந்த அடிகளார். அன்று சொன்னதை ஈண்டு விரித்து எழுதுகின்றேன்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள், மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவு என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். கடலும் வயலும் கண்ணகை வழிபாடும் சூழ்ந்த ஊர் அது. ஊரிலே தமிழ் கற்றபின், கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறித்தவ சபையார் நடத்திய பள்ளிகளிலே ஆங்கிலம் பயின்றார். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலிருந்து 1908ஆம் ஆண்டில், தமது பதினாறாம் வயதிலே, கேம்பிரிட்சு சீனியர் பரீட்சையில் தேறினார். பின் ஆசிரியத் தொழில் அவரைப் பற்றிக்கொண்டது. இறுதிவரை அது அவரை விடவில்லை.

கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்று மீண்டு சில காலம் கற்பித்தார். பின்னர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலே சேர்ந்து விஞ்ஞானம் கற்றார். 1916ஆம் ஆண்டு அவர் கல்வி வரலாற்றிலே நினைக்கத்தக்க ஆண்டு. அவ்வாண்டிலே விஞ்ஞான டிப்ளோமாப் பரீட்சையிலும், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலும் அவர் தேறினார். ஈழநாட்டிலிருந்து அச்சங்கப் பண்டிதரானோருள் அவரே முதல்வர் என்பர். ஒரு கையிலே இரசாயனக் குழாயும் மறு கையிலே தொல்காப்பியமுமாக நின்ற அவ்விளைஞரை எண்ணிப் பாருங்கள். பண்டிதர் என்றால் விஞ்ஞானத்துக்குப் பகைவர் என்றும், விஞ்ஞானி என்றால் திருநீற்றை மறைப்பவர் என்றும் ஊர் நினைத்திருந்த காலம் அது. 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும் அவர் பெற்றுக்கொண்டார்.

அப்பொழுது அவர் யாழ்ப்பாணத்திலே இருந்தார். புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்தபின், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். வயது முப்பதை எட்டாத ஒருவருக்கு அந்நாளிலே இதனினும் மேலான நிலை கிடைத்தற்கரிது. அந்நிலையிலே அவர் உள்ளத்தை ஈர்த்தவர், சென்னை இராமகிருஷ்ண மடத்தின் தலைவராயிருந்த சுவாமி சர்வாநந்தர். 1922ஆம் ஆண்டில் மயில்வாகனனார் அதிபர் பதவியை விட்டு மயிலாப்பூர் மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று, இராமகிருஷ்ணரின் நேர்ச்சீடரும் அந்நாளில் அச்சங்கத்தின் தலைவருமாகிய சிவாநந்த சுவாமிகளிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார்.

இங்கே நம் வினா கூர்மையடைகின்றது. கற்றவர் ஒருவர் துறவு பூண்டால் பின் செய்வது யாது? உலகத்தார் இரண்டு விடைகளையே எதிர்பார்த்தனர். ஒன்று, மடத்து மூலையிலே உபநிடதங்களை ஆராய்ந்துகொண்டிருத்தல். மற்றொன்று, நூலையெல்லாம் மூடிவைத்து மௌனத்தில் அமர்தல். அவர் புகுந்த சங்கம் இவ்விரண்டில் ஒன்றையே நெறியாகக் கொண்டதன்று. பள்ளிக் கல்வி அதிகம் இல்லாத ஓர் அர்ச்சகர் குருவாகவும், கல்லூரியிலே மேனாட்டுத் தத்துவம் கற்ற ஓர் இளைஞர் சீடராகவும் அமைந்த சங்கம் அது. பரமஹம்சர் ஏட்டறிவினாற் பெரியவராயினாரல்லர், பத்தியினாற் பெரியவராயினார். விவேகாநந்தர் அப்பத்தியைக் கல்வியினாலே உலகுக்கு எடுத்துரைத்து, 1897ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண சங்கத்தை நிறுவி, ஏழைக்குச் செய்யும் தொண்டு இறைவனுக்குச் செய்யும் பூசையே என்பதை அதன் நெறியாக்கினார். ஏட்டுக்கும் பத்திக்கும் இடையே கடமை என்னும் பாலம் அங்கே கட்டப்பட்டிருந்தது. விபுலாநந்தர் அப்பாலத்திலே நடந்தவர்.

சென்னையிலே இருந்த நாளில் இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ்த் திங்களிதழையும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில இதழையும் நடத்தும் பணி அவருக்கு வாய்த்தது. விவேகாநந்தரின் ஞானயோகத்தையும் கருமயோகத்தையும் அவர் தமிழாக்கினார். ஒன்றை மட்டும் மொழிபெயர்த்து நிறுத்தாமல் இரண்டையும் அவர் எடுத்துக்கொண்டதை நான் மாணாக்கருக்கு எப்பொழுதும் சுட்டிக்காட்டுவதுண்டு.

1925ஆம் ஆண்டில் அவர் ஈழநாட்டுக்கு மீண்டார். அவ்வாண்டிலேதான் திருக்கோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் ஒப்புவிக்கப்பட்டது. இந்நகரத்துச் சைவப் பெருமக்கள் 1897ஆம் ஆண்டிலே தொடங்கிய கல்விப் பணியின் வழிவந்தது அக்கல்லூரி. இன்று ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி என வழங்குவது அதுவே. தமிழுக்கு இந்நகரம் வறியதன்று. பதிப்பாசிரியரும் பெரும்புலவருமாகிய த. கனகசுந்தரம்பிள்ளை பிறந்த ஊர் இது. அவர் தம்பியார் சரவணமுத்துப்பிள்ளை 1895ஆம் ஆண்டில் மோகனாங்கி என்னும் வரலாற்று நவீனத்தை வெளியிட்டவர். ஆயினும் ஆங்கிலக் கல்வி வேண்டிய சைவச் சிறுவன் பிற சமயத்தார் பள்ளிகளின் வாயிலையே நாட வேண்டிய நிலை அந்நாளில் நாடெங்கும் இருந்தது. ஆறுமுக நாவலர் தம் காலத்தில் இதனை உணர்ந்தே ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்ததோடு பள்ளிகளையும் நிறுவினார். பஞ்சக் காலத்திலே கஞ்சித்தொட்டியும் வைத்தார். பதிப்பாசிரியர் கஞ்சி வார்க்கலாமா என்று நாவலரை ஒருவரும் கேட்டதில்லை.

விபுலாநந்தர் இக்கல்லூரியின் முகாமையை ஏற்று, 1920களின் பிற்பகுதியிலே அதிபராகவும் இருந்து பணியாற்றினார். பள்ளி முகாமை என்பது எத்தகைய வேலை என்று ஆசிரியராயினார் அறிவர். அரசினர் உதவிப்பணம் மாணாக்கர் வரவைக் கணக்கிட்டு வரும். வராத மாதத்திலும் ஆசிரியர் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கூரை ஒழுகும், பரிசோதகர் வருவார், கட்டட நிதிக்கு வீடுவீடாகச் செல்ல வேண்டும். வேதாந்தம் கற்ற துறவி ஒருவர் இவற்றிலே தம் காலை மாலைகளைக் கழித்தார். 1929ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் தம் குருவின் பெயரால் சிவாநந்த வித்தியாலயத்தையும் தொடங்கினார். காரைதீவு, மட்டக்களப்பு, திருக்கோணமலை, யாழ்ப்பாணம் எனச் சங்கத்துப் பள்ளிகள் பரந்து கிடந்தன. அவற்றுக்கிடையே ஓடித்திரிந்த ஆண்டுகளில் அவர் எழுதாமல் விட்ட நூல்கள் எத்தனையோ!

அந்நாளிலே திருக்கோணமலையின் நிலையையும் நாம் நினைவுகூரல் வேண்டும். ஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் 1624ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றன. கோயில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1963ஆம் ஆண்டிலேதான். விபுலாநந்தர் இங்கே பணியாற்றிய காலத்தில் மலையுச்சியிலே விமானமும் இல்லை, கோபுரமும் இல்லை. பிரித்தானியக் கடற்படையின் துறைமுகம் ஒருபுறம், கோட்டை மறுபுறம். மக்களோ அம்மலைமுனையை அடைந்து, கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, மலரைக் கடலிலே தூவி வழிபட்டு மீண்டனர். முந்நூறாண்டுக்கு மேலாகக் கோயில் இல்லாமலே ஒரு வழிபாடு நிலைத்தது என்றால், அதனை நிறுத்தியவர் யார்? ஆகமம் கற்றவர் மட்டும் அல்லர். மீனவரும் உழவரும் கூலிக்காரரும் அவர் தம் மனைவியரும் தாம். என் மாணாக்கனின் பாட்டனார்மார் அக்கூட்டத்திலே இருந்திருப்பர். ஏட்டுக் கட்சியைச் சேர்ந்த நான் இவ்வுண்மையை மறைக்க வழியில்லை.

ஆயின் பத்தி மட்டுமே போதும் என்று வாளா இருந்துவிடலாமா? அவ்வாறு இருந்திருப்பின், அம்மக்களின் பிள்ளைகள் துறைமுக வாயிலிலே சுமை தூக்குவதோடு நின்றிருப்பர். பத்தியுள்ள தந்தைக்கு எழுத்தறிந்த மகனைத் தருவதே கற்றவனின் கடமை என அடிகளார் கண்டார். கல்வி அவர்க்கு அணிகலனன்று. திருப்பித் தரவேண்டிய கடன்.

1931ஆம் ஆண்டிலே சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அப்பதவியை முதன்முதல் வகித்தவர் அவரே. பேராசிரியர் இருக்கையிலே அமர்ந்த துறவி, மாலை நேரத்திலே பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். நந்தனார் வெளியே நின்ற தில்லையின் எல்லையிலே இது நிகழ்ந்தது. பகலிலே சிலப்பதிகாரமும் மாலையிலே அகரமும் கற்பித்த அவர்க்கு இரண்டும் ஒரே பணியாகவே தோன்றியிருக்க வேண்டும். பாரதியாரின் பாடலைப் புலவர் பலர் புறக்கணித்த அக்காலத்திலே, பண்டிதராகிய அவர் அதன் பெருமையை எடுத்துப் பேசியதும் இவ்வுள்ளத்திலிருந்து பிறந்ததே.

1933ஆம் ஆண்டிலே அவர் அப்பதவியை விட்டார். இனி வரும் பகுதி, தொண்டுக் கட்சியார் அவர்மேல் குறை சொல்லக்கூடிய பகுதி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலும், அதற்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையிலும் புதைந்து கிடந்த பழந்தமிழ் இசை நுட்பம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. யாழ் என்னும் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆயிற்று. அதன் உறுப்பும் நரம்பும் அளவும் புலவர்க்கும் விளங்காதிருந்தன. ஒலி பற்றிய பௌதிகமும் கணிதமும் வல்ல ஒருவரே அதனை அவிழ்த்தல் கூடும். அவர் தமிழிலக்கணமும் வல்லவராக இருத்தல் வேண்டும். 1916ஆம் ஆண்டிலே தேறிய அவ்விரு பரீட்சைகளும் யாருக்காக, எதற்காக என்பது இப்பொழுது விளங்கிற்று. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு அவ்வாராய்ச்சி நடந்தது. இடையே கலைச்சொல்லாக்கப் பணி, கைலாய யாத்திரை, 1939 முதல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியிலே பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியப் பணி, 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் பணி ஆகிய யாவும் வந்தன. ஆராய்ச்சி நிற்கவில்லை.

துறவிக்கு யாழ் எதற்கு? அவ்வாண்டுகளிலே இன்னும் நான்கு பள்ளிகளைத் தொடங்கியிருக்கலாமே? இக்கேள்வியை எளிதிலே தள்ளிவிடுதல் முறையன்று. பள்ளி ஒன்றிலே நூறு பிள்ளைகள் படிப்பர். யாழ் நூலையோ முழுமையாகப் படித்துணரக்கூடியவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆயினும் அந்நூலின் அமைப்பை நோக்குவார்க்கு விடை கிடைக்கும். பாயிரவியலிலே தொடங்கி, யாழின் உறுப்பையும் நரம்பையும் பாலையையும் பண்ணையும் ஆராய்ந்து, ஆறாவதாகத் தேவாரவியலுக்கு வந்து, ஒழிபியலோடு அது முடிகின்றது. கணிதத்திலே புகுந்தவர் தேவாரத்திலே வந்து சேர்கின்றார். ஞானசம்பந்தர் கோணமலைமேற் பாடிய திருப்பதிகத்துக்குரிய பண் புறநீர்மை. இந்நகரத்து மூதாட்டியர் அப்பதிகத்தைத் தாமறிந்த இசையிலே கண்ணீர் மல்கப் பாடுவர். பண்ணிலக்கணம் அறியாமையால் அவர் பத்தியிலே குறைவொன்றுமில்லை. ஆயின் பண் இன்னதென ஆராய்ந்து காப்பார் ஒருவரும் இல்லாதொழியின், சில தலைமுறைக்குப்பின் பாடுதற்குப் பண் எஞ்சாது. பாடுவோரின் பத்தி ஆராய்வோனுக்கு உயிர். ஆராய்வோனின் உழைப்புப் பாடுவோர்க்குக் காவல். தமக்கு மட்டுமே கூடிய அப்பணியைத் தட்டிக்கழித்திருப்பின் அதுவே அவர்க்குக் கடமை தவறுதலாயிருக்கும்.

1947ஆம் ஆண்டு சூன் மாதம் 5ஆம் 6ஆம் நாட்களிலே, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. ஆற்றிலே வெள்ளம் பெருகி ஓடக்காரர் ஓடத்தை விட்டு அகன்றபோது, ஞானசம்பந்தர் பாடலே கோலாக ஓடம் கரை சேர்ந்த தலம் அது எனப் பெரியபுராணம் கூறும். பண்டைய யாழ்களின் வடிவிலே புதிதாகச் செய்வித்த கருவிகள் அங்கே புலவர் கூட்டத்தின் முன் இசைக்கப்பட்டன. அடிகளார் நோயால் தளர்ந்த உடம்போடு அவ்வவையில் இருந்தார். அதன்பின் ஆறு வாரமே கழிந்தன. சூலை மாதம் 19ஆம் நாள் கொழும்பிலே அவர் வாழ்வு முடிந்தது. வயது ஐம்பத்தைந்து.

ஐம்பத்தைந்து என்னும் அவ்வெண்ணை எழுதும்போது என் கை தயங்குகின்றது; நானும் அவ்வயதை அடைந்தவன். பண்டித வகுப்பிலே எத்தனையோ ஆண்டு நூல்களை விரித்துரைத்திருக்கின்றேன். உரைத்தவற்றுள் எத்துணை ஒருவருக்கு உணவாயிற்று, எத்துணை வெறும் பரீட்சை விடையாயிற்று என்று எண்ணிப் பார்க்கும்படி அவ்வாழ்வு என்னை வற்புறுத்துகின்றது. ஆசிரியராயினார் யாவரையும் அது வற்புறுத்தும் என்றே நம்புகின்றேன்.

அடிகளார் நாட்டிய பள்ளிகள் 1960, 1961ஆம் ஆண்டுகளிலே அரசினர் கைக்கு மாறின. முகாமைக்காக அவர் பட்ட பாட்டை இன்றைய மாணாக்கர் அறியார். யாழ் நூலையும் பலர் அட்டையளவிலே அறிவர். தொண்டின் பயனும் நூலின் பயனும் செய்தவன் எதிர்பார்த்த வழியிலேயே தங்குவதில்லை. பயனை நோக்காது செய்க என்று கீதை கூறும் கருத்தை உரையாசிரியர் பலர் விரித்துரைப்பர். அதன் பொருளை அடிகளார் வாழ்விலே காண்பது எனக்கு இன்னும் எளிதாயிருக்கின்றது.

மாணாக்கனின் வினாவுக்கு நான் கூறிய விடை இதுவே. தம்பி, உன் தந்தையார் உன்னிலும் தாழ்ந்தவரல்லர்; நீ பாடமாக்கிய சூத்திரம் எதனைச் சுட்டுகின்றதோ அதனை நோக்கியே அவர் நாள்தோறும் கைகூப்புகின்றார். ஆயின் அதனாலே நீ ஏட்டை மூடவும் ஆகாது. உனக்கு எழுத்தறிவிக்க ஒரு துறவி கணக்கேடும் கையுமாக இவ்வூர்த் தெருவிலே நடந்தார். அவர் விட்ட கடன் உன் தலையிலே இருக்கின்றது. கற்றதை அடுத்தவருக்குப் பயன்படுத்துமளவே அக்கடன் தீரும். இறைவன் விரும்பும் மலர் யாது எனத் தாமே வினாவி, உள்ளத்தையும் கூப்பிய கையையும் நாடும் விழியையும் மூன்று மலர்களாக எடுத்துக் காட்டி ஒரு பாட்டுச் செய்தவரும் அவரே. அவ்வளவு கற்ற அவர் அம்மூன்றனுள் ஏட்டை ஒரு மலராகச் சேர்க்கவில்லை. ஆயினும் அவ்வாறு பாடுதற்கும் அவர்க்குத் தமிழ் வேண்டியிருந்தது.

விபுலாநந்த அடிகளாரின் உடம்பு மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே, அவர் நிறுவிய சிவாநந்த வித்தியாலயத்து வளவில் அடக்கம் செய்யப்பட்டது. திருக்கோணமலையிலிருந்து தெற்கே செல்லும் ஆசிரியரும் மாணாக்கரும் ஒருமுறை அங்கே இறங்கி வணங்கிச் செல்க. பள்ளி நாளாயின், பிள்ளைகள் பாடம் ஓதும் ஒலி அச்சமாதியிலே கேட்கும்.